கொலிங்வூட் மலையில் தனியே இறங்கிய சாரம்

பயம் நெஞ்சில் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்மையாகப் பயந்தவர்கள் அல்லர். பயம் இருப்பது முழங்காலில். தொண்ணூறுகளின் நடுவில் பெண் பார்க்கப் போன இடத்தில் இதை நான் கண்டுபிடித்தேன்.

மற்றவர்கள் பெண் பார்க்கக் கோயிலுக்குப் போவார்கள், சாப்பாட்டுக் கடைக்குப் போவார்கள். என்னைப் பலகையில் நின்று பனிமலையில் வழுக்கும் ஸ்னோபோர்டிங் செய்யக் கூப்பிட்டார்கள். சாதகம் பொருந்திவிட்டது. ஆள் பொருந்துகிறாரா என்று பார்க்கும் பொறுப்பை எடுத்தவன் பெண்ணின், அதாவது சுகந்தியின், தம்பி ரவி, கனடாவில் வளர்ந்த பிள்ளை. என் பதிலை ஒருவரும் கேட்கவில்லை (படத்தைப் பார்த்த உடனையே நான் ஓம் எண்டிட்டன்). தங்கள் பதிலை, போய் வந்த பிறகு நல்ல நாள் பார்த்து, சுகந்தியின் தாயார் ரெலிபோனில் சொல்வதாக ஏற்பாடு.

ரவி எனக்குப் போன் எடுத்தான். “அண்ணை, ரொறன்ரோவிலயிருந்து போகக்கூடிய இடம் மூண்டு இருக்கு. பரி ரவுணுக்குப் பக்கத்தில ஒண்டு, கொலிங்வூட்டில ஒண்டு, மஸ்கோக்காப் பக்கம் ஒண்டு. எது விருப்பம்?”

“உதுக்குள்ள எது தட்டை?”

“தட்டையோ? வழுக்கிறதுதான் அண்ணை விளையாட்டே!”

“சரி, எதுக்குக் கிட்ட ஆஸ்பத்திரி இருக்கு?”

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கொலிங்வூட் என்று அவனே முடிவெடுத்தான். மூன்றிலும் உயரமானது அதுதானாம். “குளிரும் அண்ணை, உள்ளுக்கு லேயர் லேயராப் போட்டுக்கொண்டு வாங்கோ.”

நான் அப்போது பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவன். பெட்டியை எத்தனை அடுக்கும் அடுக்குவேன். உடுப்பில் என்னிடம் இருந்தது ஓர் அடுக்குத்தான். இரண்டாவது அடுக்குக்கு அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்த புது நீலச் சாரம் கிடந்தது. இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டக்கூட இல்லை. இடுப்பில் சுற்றிச் செருகி, அதன்மேல் வாடகைக்கு எடுத்த பனிக்காற்சட்டையை ஏற்றினேன். (மூளை எண்டா அப்பிடி ஒரு மூளை.)

மலையடிவாரத்தில் தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடும் றோல்ஸ் பெட்டியோடும் சுகந்தியின் தாயார், எனக்கு அன்ரி, வாங்கிலில் உட்கார்ந்துவிட்டார். “தம்பி, கவனம். ஏறமுந்தியே வெளிறிப்போய் நிக்கிறீர்.”

கம்பியில் தொங்கிப் போகும் கதிரையில் நானும் ரவியும். பின்கதிரையில் சுகந்தி. ஒரு காலைப் பலகையில் பூட்டிவிட்டிருந்தார்கள். மற்றக் கால் ஆகாயத்தில் நடுங்கியது.

“கீழ பாக்காதேங்கோ அண்ணை.”

பார்த்தேன். தேவாரம் ஒன்று தொடங்கினேன். இரண்டாவது வரி வரவில்லை.

பாதி வழியில் இடுப்பில் ஓர் இளக்கம். சாரம் கழலப்போவதை யாழ்ப்பாணத்து ஆம்பிளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இறுக்கிச் செருகலாம், ஆனால் அதற்குக் கதிரையின் பிடிகம்பியை விடவேண்டும். நான் கம்பியை விடவில்லை. சாரம் மெல்ல மெல்லக் காற்சட்டை இடுப்புக்கு மேலால் பிதுங்கி, ஜக்கெற்றுக்குக் கீழால் வெளிக்கிட்டு, கதிரையின் இடுக்குக்குள் போய் மாட்டிக்கொண்டது.

உச்சியில் ரவி கதிரையிலிருந்து அழகாக வழுக்கி இறங்கினான். நானும் எழும்பினேன். சாரம் எழும்பவில்லை. கதிரை என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டு திரும்பப் பார்த்தது. இயந்திரக்காரன் கத்திக்கொண்டு ஓடிவந்து எல்லாவற்றையும் நிறுத்தினான். பின்னால் சுகந்தி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தாள்.

“என்ன நடந்தது?” என்று அங்கிருந்து கத்தினாள்.

“ஒண்டுமில்லை!” என்றேன், பாதி இருந்தபடி.

“அண்ணை, இதென்ன துணி?” என்றான் ரவி.

“லேயர்.”

இருவரும் பிடித்து இழுத்ததில் நான் வந்தேன். சாரம் வரவில்லை. ரவி அதை எட்டிப் பிடிப்பதற்குள் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. வெறும் கதிரையில், நீலச் சாரம் காற்றில் அடித்தபடி, தன்பாட்டில் மலையிறங்கிப் போனது.

கீழே அன்ரி தேத்தண்ணியை வாயில் வைத்திருக்கிறார். கொலிங்வூட் முழுக்கத் தேடினாலும் அன்று சாரம் கட்டியிருக்கக்கூடிய ஆள் ஒருவன்தான்.

“ஐயோ! சாரம் மட்டும் வருது, ஆளைக் காணேல்லை! என்ர மருமோன் விழுந்திட்டான்!”

மொழி விளங்காவிட்டாலும் குழறல் யாருக்கும் விளங்கும். மீட்புக்காரர்கள் சறுக்குக்கட்டிலோடு மேலே வந்தார்கள். பிணம் தேடி வந்தவர்களுக்குக் கிடைத்தது, பனியில் குந்தியிருந்த நான். தானாக இறங்கமாட்டான் என்று முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்கவேண்டும். கட்டிலில் கிடத்திக் கட்டி இறக்கினார்கள். ஆக, அன்று நான் ஓரடிகூட வழுக்கவில்லை.

அன்ரி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார். “என்ர மருமோன்! என்ர மருமோன்!”

பக்கத்தில் வழுக்கி வந்து நின்ற ரவிக்கு முகம் மாறியது. “அம்மா, நாள் பாத்தெல்லோ சொல்லுறதெண்டு இருந்தனாங்கள்?”

அன்ரி கண்ணைத் துடைத்தார். சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. “இனி என்னத்த நாள் பாக்கிறது? இவ்வளவு பேருக்கு முன்னால குழறிப்போட்டன். சொன்னது சொன்னதுதான்.”

நான் சுகந்தியைப் பார்த்தேன். முந்தியே வழுக்கி இறங்கிவிட்டிருந்த அவள், சாரத்தைப் பனி உதறி மடித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பனிக்கண்ணாடி போட்ட முகத்தில் தெரியவில்லை.

எங்கள் சம்பந்தத்தை யார் பேசி முடித்தது என்று விருந்தாளிகள் கேட்டால், மகள் முந்திக்கொண்டு சொல்வாள்: “அப்பாவின்ர சாரம். அதுதான் முதல் வந்தது, அப்பா பேந்துதான் வந்தவர்.” அன்ரி, இப்போது மாமி, தலையாட்டுவார்.

ஆனால் சுகந்தி தன் வாயால் ‘ஓம்’ என்று இன்றுவரை சொன்னதில்லை. கேட்டால், “அம்மா அவசரப்பட்டிட்டா. நான் இன்னும் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்” என்கிறாள். பகிடிக்குத்தான் சொல்கிறாள்.

(பகிடிதானே?)