மீசைக்குக் கீழே ஒரு கம்பி

பல் வரிசையைத் திருத்திக்கொள்ளும் மனிதர்களில் இரண்டு இனம் உண்டு. முதல் இனம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வாய் நிறைய இரும்புக் கம்பியை மாட்டிக்கொண்டு, யாதொரு வெட்கமுமின்றித் தெருவெல்லாம் சிரித்துத் திரிபவர்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாம் இனமே நம் ஆராய்ச்சிக்குரியது: நாற்பதைத் தாண்டி, பிள்ளைக்குப் பெண் தேடும் பருவத்தில், ஊருக்கும் உறவுக்கும் கட்டிய மனைவிக்கும் தெரியாமல் சிரிப்பைச் சீர்திருத்திக்கொள்ளும் கனவான்கள். வாசகரே, இவர்களில் ஒருவரையேனும் நீங்கள் சந்தித்திருக்கிறீர்கள். சந்தித்தது உங்களுக்குத் தெரியாது. அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

அடையாளம் காண்பது ஒன்றும் கடினமன்று. முதலில் மீசையைக் கவனியுங்கள். இருபது ஆண்டுகளாக மேலுதட்டோடு நின்றிருந்த மீசை, தக்க காரணமின்றிக் கீழே இறங்கி வாயின் வாசலில் திரையாகத் தொங்குமானால், உள்ளே ஏதோ வேலை நடக்கிறது. அடுத்தது பலகாரத் தட்டு. முறுக்கையும் தட்டுவடையையும் ஒரே நாளில் துறந்துவிட்டு, ஏனென்று கேட்டால் சர்க்கரை வியாதி என்பார். முறுக்கில் ஏது சர்க்கரை? கேட்காதீர்கள், கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். நகைச்சுவைக்கு மூக்கால் சிரிப்பார். புகைப்படக்காரர் 'சிரிங்க' என்றதும், நாற்பதாண்டுச் சோகம் ஒன்று நினைவுக்கு வந்தவர்போல உதட்டை இறுக்கிக்கொள்வார்.

வயதானவர்களின் கூச்சத்தை மதித்து மருத்துவர்களும் பல மறைவு வழிகள் வைத்திருக்கிறார்கள். பல்லின் நிறத்திலேயே பூச்சு வைத்து இடைவெளியை அடைக்கலாம்; பீங்கான் உறை போடலாம்; அண்ணத்தில் பொருந்தும் இளஞ்சிவப்புத் தட்டும், முன்பற்களை அணைத்துப் பிடிக்கும் மெல்லிய கம்பியும் கொண்ட கிளிப்பை மாட்டிக்கொள்ளலாம். இந்தக் கிளிப்பைக் கழற்றி மாட்ட முடியும். ஆனால் சாப்பிடும் நேரம் தவிர எந்நேரமும் அது வாயில் இருந்தாக வேண்டும். உள்ளூர் மருத்துவரிடம் இந்த இனத்தவர் போவதேயில்லை. கோவைக்காரர் மேட்டுப்பாளையத்துக்குப் போவார். மேட்டுப்பாளையத்துக்காரர் கோவைக்கு வருவார். காத்திருக்கும் அறையில் அத்தனை பேரும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருப்பார்கள். நாட்டு நடப்பில் இவ்வளவு அக்கறையை வேறெங்கும் காண இயலாது.

எடுத்துக்காட்டுக்கு அங்கப்பனைக் கொள்வோம். எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சிங்காநல்லூரில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். குடும்பத்துக் கல்யாண ஆல்பங்கள் என் பொறுப்பில் இருப்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: 1971 வைகாசியில் தம் கல்யாணத்தன்று, எடுப்பான முன்பல் இரண்டும் அவற்றிடையே ஒரு நெல்மணி புகும் சந்தும் தெரிய, மனதாரச் சிரித்த மனிதர் அவர். மணப்பெண் வள்ளியாத்தாள் உட்பட அந்தச் சிரிப்பில் குற்றம் கண்டவர் எவருமில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மகன் மனோஜ்குமாருக்குப் பெண் தேடத் தொடங்கியதும், கல்யாண வீடியோவில் தாம் எப்படித் தெரிவோம் என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளைக்கு வராத கவலை, மாப்பிள்ளையின் தகப்பனுக்கு. வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லி மேட்டுப்பாளையம் போனார். வாயில் கிளிப்போடு திரும்பினார். வெற்றிலை வரவில்லை.

பெண்ணும் அமைந்தது. பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி சென்னிமலையின் மகள் நித்யஸ்ரீ. ஜாதகம் பொருந்திற்று; அதைவிட முக்கியமாக, இருவருக்கும் மனம் பொருந்திற்று. கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் என்று மனோஜ்குமார் தாயிடம் சொல்லிவிட்டான். இனி மாப்பிள்ளை வீட்டார் போய்க் கை நனைக்க வேண்டியதுதான் பாக்கி.

நம் பக்கத்து வழக்கத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் எவரும் கை நனைத்து உண்பதில்லை, உண்டுவிட்டால் சம்மதம். வாயால் சொல்லும் சரியைவிட இலையில் வைக்கும் கைக்கே மதிப்பு அதிகம். மறுப்பையும் எவரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. வயிறு சரியில்லை என்பார்கள். கேட்பவர் புரிந்துகொள்வார். அவ்வளவு மரியாதையான ஊர்.

ஆவணி மாதம் பன்னிரண்டு பேர் போனார்கள். சந்தகை என்னும் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், போளிக்கு எங்கள் ஊர்ப் பெயரான ஒப்புட்டும் இலையில் விழுந்தன. அங்கப்பன் ஒப்புட்டைப் பார்த்தார். வெல்லப் பூரணம் கிளிப்பின் தட்டில் ஒட்டிக்கொண்டு இழுத்தால், அண்ணத்திலிருந்து கிளம்பும் அந்த இளஞ்சிவப்பு வஸ்து சம்பந்தியின் இலையிலேயே போய் விழும். எழுந்து போய்க் கழற்றலாமென்றால், கைகழுவும் தொட்டி பெண் வீட்டுச் சனம் முழுவதும் நிற்கும் வாசலில் இருந்தது.

"ஏனுங்க, கை வெய்யுங்க," என்றார் சென்னிமலை.

"இல்லீங்க. வயிறு செரியில்லீங்க."

சென்னிமலை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு வாய் மட்டுமுங்க."

"இருக்கட்டுமுங்க."

வீட்டுப் பெரியவர் கை வைக்காத பந்தியில் மற்றவர் எப்படி வைப்பது? பதினோரு பேரும் இலையைக் கும்பிட்டு எழுந்தார்கள். மனோஜ்குமார் கடைசியாக எழுந்தான்.

மூன்றாம் நாள் தரகர் வந்து, குறை ஒன்றும் சொல்லாமல் மிகப் பணிவாகச் செய்தி சொன்னார். பெரியவருக்கு மனமில்லை என்று தெரிந்துகொண்டார்களாம். வேறோர் இடத்திலிருந்து கேட்கிறார்களாம். அவர்களை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியாயிற்றாம். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே! அங்கப்பன், ஜாதகத்தை இன்னொரு முறை பார்க்கலாம் என்றார். மகன் வீட்டுக்கு வருவதை விட்டு, பட்டறையிலேயே படுக்கத் தொடங்கினான். தகப்பனார் கம்பியைக் கழுவி மாட்டிக்கொண்டார்.

வள்ளியாத்தாள் அம்மணிக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்? பத்து மாதமாகத் தினம் மூன்று வேளை கொல்லைத் தொட்டியடியில் முதுகைக் காட்டி நின்று எதையோ கழுவும் கணவரை எந்த மனைவி கவனிக்காமலிருப்பாள்? ஏதோ ஆசை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று மரியாதைக்காகக் கேட்காமலிருந்தார். ஆனால் பொள்ளாச்சியிலிருந்து திரும்பிய அன்றே ஆறு தோசை உண்ட வயிறு எப்படிச் சரியில்லாத வயிறாகும் என்ற கேள்வி அவரை மூன்று நாள் அரித்தது. வியாழக்கிழமை காலை விடை கிடைத்தது. கணவர் உண்ண உட்கார்ந்ததும், தொட்டி விளிம்பில் அவர் வைத்துவிட்டுப் போன டப்பாவைத் திறந்து பார்த்தார்; உள்ளே கிளிப். அப்படியே மூடி மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறினார்.

அங்கப்பன் உண்டு எழுந்தார். டப்பாவைக் காணோம். யாரைக் கேட்பது? கேட்டால், என்ன டப்பா என்பார்களே! சோப்புப் பெட்டி, விறகுக் கட்டு, சாக்குக் குவியல் என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தவரை, மாற்றுச் சட்டை எடுக்க வந்த மகன் பார்த்தான்.

"என்னுங்கப்பா தேடறீங்க?"

"நட்டு ஒண்ணு உழுந்துபோச்சு."

அன்று முற்பகல் பொள்ளாச்சியில், சென்னிமலையின் எதிரே டப்பாவைத் திறந்து வைத்தார் வள்ளியாத்தாள். "அவருக்கு மனசில்லாம இல்லீங்க. வாயில இது இருந்துச்சுங்க. உங்க முன்னால கழட்டக் கூச்சப்பட்டுப்போட்டாரு."

சென்னிமலை கிளிப்பைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு, சமையலறை வாசலில் தம் மனைவி நிற்பதையும் மறந்து கேட்டார்:

"எந்த டாக்டருங்க? கம்பி நல்லாச் சன்னமா இருக்குதுங்க. என்னுது இத்தன சன்னமில்லீங்க."

வெள்ளிக்கிழமை வர இருந்தவர்களுக்கு ஆள் போயிற்று. டப்பா அன்று மாலையே தொட்டி விளிம்புக்குத் திரும்பியது, கூடவே சம்பந்தியின் கிளிப்பைப் பற்றிய செய்தியும். ஞாயிற்றுக்கிழமை மீண்டும் பன்னிரண்டு இலை விழுந்தது. இலை விழுமுன் சம்பந்திகள் இருவரும், தென்னங்கன்று பார்க்கப் போவதாகச் சொல்லி, ஒன்றாகத் தோட்டத்துப் பக்கம் போய்வந்தார்கள். அந்தத் தோட்டத்தில் கன்று ஒன்றும் இல்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அங்கப்பன் மூன்று ஒப்புட்டு உண்டார். மனோஜ்குமார் எண்ணவில்லை, தகப்பனாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவும் படித்துவிட்டு, இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. வாயைத் திறந்து சிரித்தீர்களா, மூக்கால் சிரித்தீர்களா? முன்பல் என்று நான் எழுதிய ஒவ்வொரு இடத்திலும் உங்கள் நாக்கு எங்கே போய்வந்தது? எனக்குச் சொல்ல வேண்டாம். நம் ஊர் மரியாதை எனக்கும் தெரியும். ஆனால் எவர் வீட்டிலாவது உங்களை நம்பிப் பதினோரு பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து, முன்கூட்டியே தோட்டத்துப் பக்கம் ஒருமுறை போய்வந்துவிடுங்கள்.