மேட்டு லயத்தின் பாதுகாப்பான வெந்நீர்

பிரிஞ்சாங் என்கிற மலையூருக்கும் மேலே, மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் உயரத்தில் இருக்கிறது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேட்டு லயம். அந்த லயத்து மக்களும் வெந்நீரில் குளிக்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் ஒருநாள் தீர்மானித்தது. பெரிய துரையின் மனைவி அந்தப் பக்கம் வந்தபோது பொதுக் குளியலறைக் குழாயில் கை கழுவிவிட்டு "ஐயோ!" என்று அலறியதற்கும் தீர்மானத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நிர்வாகமே சொல்லிவிட்டது. நாமும் நம்புவோம்.

குளியலறையின் உள்சுவரில் பளபளவென்று ஒரு கேஸ் ஹீட்டர் வந்து உட்கார்ந்தது. தோட்டத்துக்கு மருந்தடிக்க ஸ்ப்ரே டிரம் தூக்குகிற முனியாண்டி அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். பக்கத்து வீட்டு நளினி சாமந்தி மாலை போட்டாள். ஆளாளுக்கு ஹீட்டரோடு செல்ஃபி எடுத்து மலைக்குக் கீழே ரிங்லெட் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள். விழா முடிந்ததும் பயிற்சி இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்று கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

உமாதேவிக்கு அழுகையே வந்துவிட்டது. நாள் முழுக்க மழையில் நின்று கொழுந்து வெட்டுகிறவள் அவள். வீட்டுக்கு வரும்போது இடுப்பு மரக்கட்டையாகியிருக்கும். அடுப்பில் காய்ச்சி ஊற்றினால் தலையில் விழுகிற வெந்நீர் இடுப்புக்கு இறங்குவதற்குள் ஆறிவிடும். நின்றபடி, அவசரமில்லாமல், சுடச்சுட ஒரு குளியல். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பயிற்சி கொடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி குகனேஸ்வரன் வந்தார். மஞ்சள் சட்டை, தலைக்கவசம், குளியலறைக்கென்றே தனியாக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

"கேஸ் வாடை வந்தா தோங் வால்வை மூடணும். லைட் சுவிட்சைத் தொடக்கூடாது. தீக்குச்சி கிழிக்கக்கூடாது. ஜன்னலைத் தொறந்து விடணும்," என்றார்.

"ஜன்னலே இல்லியே சார்," என்றார் முனியாண்டி. ஒரு ஓட்டை இருந்தது. அதையும் குளிருக்குப் பயந்து உரச்சாக்கால் அடைத்து வைத்திருந்தார்கள்.

"அதான் ஆபத்து! காத்து வராத ரூம்ல நெருப்பு எரிஞ்சா விஷக்காத்து சேரும். அதுக்கு வாடையும் கிடையாது. குளிக்கிறவருக்குத் தலை சுத்தும், அப்படியே சாஞ்சிடுவாரு."

"அப்ப ஹீட்டரை வெளிய மாட்டிட்டு ஒரு ஜன்னல் வெட்டிடலாம்லா?"

குகனேஸ்வரன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "சுவர் கட்டடப் பிரிவுக்குச் சேர்ந்தது. நான் பாதுகாப்புப் பிரிவு. நான் போய் சுவத்துல கை வைக்கலாமா?"

ஆகவே சுவரில் கை வைக்காமல் ஒரு விதி செய்யப்பட்டது. தேர்வில் தேறிய ஹீட்டர் இயக்குநர் ஒருவர் குளியலறை வாசலில் நிற்க வேண்டும். குளிப்பவர் உயிருடன் உள்ளாரா என்பதை அவ்வப்போது வாய்மொழியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் கேஸை அடைத்து, விசில் ஊதி, கதவைத் திறக்க வேண்டும். அன்றே தேர்வும் நடந்தது. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப் பேர் உளறினார்கள். வெந்நீர் ஆசையில் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்த உமாதேவி மட்டும் பாஸ். சர்டிஃபிகேட்டும் விசிலும் கைக்கு வந்த உடனே அவள் சோப்பு டப்பாவை எடுத்தாள்.

"சார், நான் குளிக்கலாமா?"

"தாராளமா. யார் இயக்குறது?"

"நான்தான்."

"அது எப்படிம்மா? உள்ள நீங்க மயங்கிட்டா, வெளிய நின்னு நீங்க கேக்குறதுக்கு யார் பதில் சொல்றது?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றுமுதல் சாயங்காலமானால் உமாதேவி ஈர உடம்போடு வாசலில் காவல்.

"முனியாண்டி அண்ணே, உயிர் இருக்கா?"

"இருக்கு தங்கச்சி."

"இப்ப?"

"இப்பவும் இருக்குலா! சோப்பு போட விடு!"

கேள்விக்குத் தப்பிக்க நளினி பாடிக்கொண்டே குளித்தாள். பாட்டு பதிலாகாது என்று தலைமை அலுவலகம் விளக்கம் அனுப்பியது. ஒருநாள் முனியாண்டி வாயில் சோப்பு நுரை போய்ப் பதில் சொல்ல முடியாமல் போக, உமாதேவி கேஸை அடைத்து விசிலை ஊதினாள். லயமே ஓடி வந்தது. தலையில் நுரை, இடுப்பில் துண்டு, வாயில் கெட்ட வார்த்தையோடு முனியாண்டி வெளியே வந்தார். ஓர் உயிர் காப்பாற்றப்பட்டதாக அலுவலகத்தில் பதிவாயிற்று.

ஆனாலும் எல்லாரும் புட்டுக் குழாய் மாதிரி ஆவி பறக்க வெளியே வந்தார்கள். உமாதேவி மட்டும் குளிர்ந்த தண்ணீரில் முகத்தை அலம்பிக்கொண்டு படுத்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் குகனேஸ்வரனுக்குப் போன் போட்டுத் திட்டியே விட்டாள்.

"இன்னொருத்தர் பாஸ் பண்ணட்டும்மா. நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நின்னு குளிக்கலாம்," என்றார் அவர்.

உமாதேவி உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தினாள். குளிக்கிறவர்களைக்கூட விடவில்லை. "அண்ணே, வாடை வந்தா?" என்று வாசலில் கேட்பாள். "தோங்கை மூடணும், சுவிட்சைத் தொடக்கூடாது!" என்று உள்ளேயிருந்து முழங்குவார் முனியாண்டி. லயம் முழுக்க மனப்பாடம்.

இரண்டாவது தேர்வு வந்தது.

"கேஸ் வாடை வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் குகனேஸ்வரன்.

முனியாண்டி ஆழ்ந்து யோசித்தார். "தீக்குச்சி கிழிச்சுப் பாப்பேன் சார். எங்கேருந்து வருதுன்னு தெரியணும்ல?"

"ஊதுபத்தி ஏத்தி வைப்பேன் சார், வாடை போயிடும்," என்றாள் நளினி.

"அடப்பாவிகளா!" என்று கத்தினாள் உமாதேவி. "நேத்து அத்தனையும் ஒப்பிச்சியே அண்ணே!"

"மறந்து போச்சு தங்கச்சி," என்று முனியாண்டி கூரையைப் பார்த்தார்.

பாஸானால் வெளியே நிற்க வேண்டும், ஃபெயிலானால் உள்ளே குளிக்கலாம். இது புரிய சர்டிஃபிகேட் தேவையா என்ன? லயத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஃபெயிலானார்கள்.

குகனேஸ்வரனின் முகம் வெளுத்துவிட்டது. மறுநாளே சுற்றறிக்கை வந்தது: "எரிவாயு பற்றிய அடிப்படை அறிவுகூட இல்லாதோர் இவ்வறைக்குள் நுழைவது பேராபத்து என்பதால், தேர்வில் தேறியவர் மட்டுமே இனிக் குளிக்க அனுமதிக்கப்படுவர்."

படித்ததும் உமாதேவிக்குத் தலைகால் புரியவில்லை. சோப்பு டப்பாவோடு ஓடினாள். பின்னாலேயே முனியாண்டியும் வந்தார்.

"குளி தங்கச்சி, நான் நின்னு கேக்குறேன்."

"நீ ஃபெயிலாச்சே அண்ணே. கேக்குற ஆளும் பாஸாகியிருக்கணும்லா."

"அப்ப யார் கேக்குறது?"

முனியாண்டி போனை எடுத்து, "சார், இப்ப சொல்றேன் சார், தோங்கை மூடணும், சுவிட்சைத் தொடக்கூடாது!" என்று அழாத குறையாக ஒப்பித்தார். அடுத்த தேர்வு உரிய காலத்தில் அறிவிக்கப்படும் என்றார் குகனேஸ்வரன்.

உரிய காலம் வரவில்லை. விருதுதான் வந்தது. யாரும் தொடாத ஹீட்டரால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லையாதலால், மிகப் பாதுகாப்பான வெந்நீர் வசதி உள்ள லயமாக மேட்டு லயம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மழைத் தூறலில் விழா. குகனேஸ்வரனுக்குப் பதவி உயர்வு. லயத்து மக்களுக்கு வீட்டுக்கொரு குளியல் துண்டு.

"எல்லாருக்கும் சந்தோஷம்தானே?" என்று மேடையிலிருந்து கேட்டார் குகனேஸ்வரன்.

கீழே அத்தனை பேருக்கும் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. தட்டினால் கையாவது கொஞ்சம் சூடாகுமே என்று முனியாண்டி கைதட்ட ஆரம்பித்தார். நளினி தட்டினாள். உமாதேவி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். கைதட்டல் நிற்கவே இல்லை. அதைக் கண்டு மனம் நெகிழ்ந்த பெரிய துரை, இதே திட்டத்தை மற்ற லயங்களுக்கும் கொண்டுபோகச் சொல்லி அங்கேயே உத்தரவு போட்டார்.