முனியப்பன் பிடிச்ச சிகரெட்டு

எங்க வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டுவிட்டார். அவரே சொன்னார். சொல்லும்போது மூக்கிலிருந்து புகை வந்தது. "இது பழைய புகை" என்றார்.

எதிர்த்துப் பேச எனக்கு வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. டீச்சர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். கல்யாணமாகி கள்ளக்குறிச்சிக்கு வந்தும் மாறவில்லை. அவரிடம் ஒன்று சொல்லவேண்டுமென்றால் குழம்புச் சட்டியைப் பார்த்துத்தான் சொல்வேன்.

ஆனால் பாப்பாவுக்கு மூச்சு இழுத்தது. எங்கள் சந்தியா அப்போது கைக்குழந்தை. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். டாக்டர் மருந்து எழுதிவிட்டு, "புள்ள படுக்கிற ரூமுல புகையே ஆகாது. யாராவது சிகரெட்டு பிடிக்கிறீங்களா?" என்று கேட்டார். எங்க வீட்டுக்காரர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"இன்னியோட விட்டுட்டேன் சார். முனியப்பன் மேல சத்தியம்."

முனியப்பனைச் சாட்சிக்குக் கூப்பிட்டதுதான் தப்பு. அந்தச் சாமியே சுருட்டு பிடிக்கிற சாமி.

அவர் பேர் சுப்புராயன். உளுந்தூர்பேட்டை போகிற பஸ்ஸில் கண்டக்டர். புகையெல்லாம் பஸ் ஸ்டாண்டோடு போகட்டும் என்று இருந்தேன். அந்த நேரத்தில்தான் இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருக்கிறார்கள் என்றார்கள். ஒரு வாரம் பஸ் கிடையாது. ரோட்டில் பெரிய நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் கேட்கவேண்டியது சின்ன நியாயம்தான். புள்ளைக்கு மூச்சு.

படுக்க இருப்பதே ஒரு ரூம். அதற்கு ஒரு ஜன்னல். அதுவும் துருப்பிடித்துப்போய் திறக்காது. "நாளைக்குத் திறந்து குடுக்கறேன்" என்று கல்யாணத்தன்று சொன்னவர். இப்போது நாளெல்லாம் அந்த ரூமுக்குள்ளேயே இருந்தார். நான் கிணற்றடிக்குப் போனால் ஒன்று. புள்ளையோடு கடைக்குப் போனால் இரண்டு. நான் வருவதற்குள் சாம்பிராணி போட்டு வைத்திருப்பார். சிகரெட்டுப் புகையை மறைக்க இன்னொரு புகை! பாப்பா இரண்டுக்கும் சேர்த்து இருமினாள்.

பக்கத்து வீட்டு ரஜியா அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினாங்க. அவங்க வீட்டுக்காரர் கவுஸ் பாஷா அண்ணன் கடைத்தெருவில் அத்தர், ஊதுபத்தி, சிகரெட்டு எல்லாம் விற்கிறவர்.

"ஏம்மா அம்சா, உன் வூட்டுக்காரரு தினம் எங்க கடையில சாம்பிராணி வாங்கினு போறாராமே. இன்னா விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்லக்கா."

"அப்புறம் எதுக்கு வாங்குறாரு? வூட்லதான் ஏற்கெனவே ஒரு சாம்பிராணி இருக்குதே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாங்க:

"புகை போயிடும்மா. வாடை போவாது. துணியில, சுவத்துல ஏறி உக்காந்துக்கும். சாம்பிராணி போட்டா அது மேல இது உக்காரும், அவ்ளோதான். மொதல்ல ஜன்னலைத் தொற. மெத்தை தலகாணிய வெயில்ல போடு. திரைச்சேலைய சலவை சோடாவுல ஊறவெச்சு அலசு. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடி. மூலைக்கு மூலை அடுப்புக்கரி வை, மிச்ச வாடைய அது இழுத்துக்கும்."

"புள்ளைய வெச்சிக்கினு நான் எப்பிடிக்கா சுண்ணாம்பு அடிக்கிறது?"

"நீ ஏன் அடிக்கிற? வூட்ல ஒரு ஆளு சும்மாதான குந்திக்கினு கீறாரு?"

சும்மாதான் குந்தியிருந்தார். ஆனால் அவரிடம் யார் சொல்வது? மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்புச் சட்டியைப் பார்த்தேன்.

"ஏங்க, ரூமுல ஒரு வாடை வருது."

"இன்னா வாடை?"

"சிகரெட்டு வாடை மாதிரி."

"முனியப்பன் மேல சத்தியம் பண்ணவனப் பாத்து கேக்கற கேள்வியா இது?"

"உங்களச் சொல்லலீங்க. வாடையச் சொன்னேன்."

அவர் மேலே பார்த்தார். உத்தரத்துக்குக் கீழே கொஞ்சம் புகை இன்னும் போக வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். ஒரு வாய் சோறு மென்று முழுங்குகிற நேரம் யோசித்தார்.

"முனியப்பனா இருக்கும்."

"யாருங்க?"

"முனியப்பன்டீ! சுருட்டு பிடிக்கிறவராச்சே. நான் சொன்ன சொல்ல காப்பாத்துறனான்னு பாக்க மலையிலேந்து எறங்கி வந்திருப்பாரு."

"பஸ்சே ஓடலீங்களே."

"அவருக்கு எதுக்கு பஸ்சு? குதிரை இருக்குது. மரத்த வெட்டிப் போட்டாலும் தாண்டினு வந்துடுவாரு."

புருஷன் சொன்னதை நம்பவேண்டும் என்று நைனார்பாளையத்தில் எங்கம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க. நம்பினேன். முழுசாக நம்பினேன். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் புகையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அவருக்குப் புரையேறியது.

"அப்பிடின்னா சாமி வந்து போற எடத்த இப்பிடி வெக்கக்கூடாதுங்க."

"எப்பிடி?"

"இந்த அழுக்குச் சுவத்தோட. வெள்ளையடிக்கணும்ங்க. துணியெல்லாம் அலசிப் போடணும். சாமி வந்து போறதுக்கு ஜன்னலு தொறந்திருக்கணும். நாலு மூலையிலயும் கரி வெக்கணும்."

"கரி எதுக்குடீ?"

"எல்லை கட்டறதுக்குங்க."

"சரி, செய்யி."

"முனியப்பனுக்கு எல்லை கட்டறதுல பொம்பளை கை படக்கூடாதுங்களே. எங்க ஊர்ல அப்பிடித்தான்."

எங்கள் ஊருக்கு அவர் பொண்ணு பார்க்க ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை வந்ததோடு சரி. அங்கே எப்படி என்று அவருக்கு என்ன தெரியும்? வாயைத் திறந்தார். 'வந்தது முனியப்பன் இல்லை' என்று சொன்னால் வேறு யார் என்று சொல்லவேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வேலை ஆரம்பித்தது. எங்க வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு சுண்ணாம்பு அடித்தார். சுவரில் பாதி, அவர்மேல் பாதி. ஜன்னலைச் சுத்தியலால் தட்டித் தட்டி, கடைசியில் ஒரு உதை விட்டார். திறந்துகொண்டது. மலைப்பக்கத்துக் காற்று ரூமுக்குள் நேராக வந்தது. பாப்பா கண்ணை மூடி மூடித் திறந்து சிரித்தாள். கல்யாணத்தன்று சொன்ன 'நாளைக்கு' அன்றைக்குத்தான் விடிந்தது.

ரஜியா அக்கா சுவருக்கு மேலே வந்தாங்க.

"இன்னா தம்பி, ஊரே முடங்கிக் கெடக்குது, நீங்க வெள்ளையடிக்கிறீங்க?"

"சாமி காரியம்க்கா."

"எந்த சாமி?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சுருட்டு பிடிக்கிற சாமிக்கா" என்றார்.

"ஓ, அதுவா! அது எங்க வூட்டுக்கும் வந்துகினு இருந்துச்சு. ஜன்னலத் தொறந்து வெச்சு, நான் வாசல்ல நின்னேன். போயிடுச்சு."

அன்றைக்கு அவர் மெத்தையை வெயிலில் புரட்டிப்போட்ட அழகைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. கை விரலெல்லாம் சுண்ணாம்பு பட்டுப் புண்ணாகியிருந்தது. தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டேன். "வலிக்குதாங்க?" என்றேன். "சாமிக்குச் செய்யறதுல வலி இன்னா?" என்றார். பொய்யென்றாலும் அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குள் ஊரில் சிகரெட்டு தீர்ந்துவிட்டது. லோடெல்லாம் உளுந்தூர்பேட்டைக்கு அந்தாண்டையே நின்றுவிட்டது. எங்க வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் உர்ரென்று ஆகிவிட்டார். ரஜியா அக்காதான் கடையில் மிச்சமிருந்த சுருட்டில் ஒரு கட்டு எடுத்து என் கையில் திணிச்சாங்க. "உங்க சாமிக்கு" என்று கண்ணடிச்சாங்க.

விளக்கு வைக்கிற நேரத்தில் கிணற்றடியில் துவைக்கிற கல்லைக் கழுவி, அதன்மேல் ஒரு சுருட்டை வைத்தேன்.

"அது எதுக்குடீ?" என்றார். பார்வை சுருட்டைவிட்டு நகரவில்லை.

"முனியப்பனுக்குங்க. உள்ள வரவேணாம், இங்கயே எடுத்துக்கட்டும். ரூமுல புள்ள தூங்குது."

சாப்பிட்டதும், "கிணத்தடியில வாளிய வுட்டுட்டு வந்துட்டேன்" என்று எழுந்து போனார். போனவர் உடனே திரும்பி வந்து அடுப்பங்கரையில் எதையோ தேடினார். மறுபடி போனார். வாளி ரூமுக்குள்தான் இருந்தது.

காலையில் கல்மேல் சுருட்டு இல்லை. சாம்பல் இருந்தது. "பாத்தியா, வந்திருக்காரு!" என்றார். "ஆமாங்க, புண்ணியவான்" என்றேன். தினமும் இப்படியே நடந்தது. ரூமில் சுண்ணாம்பு வாசனையும் வெயில்பட்ட துணி வாசனையும்தான். பாப்பாவின் நெஞ்சிலிருந்த பூனைக்குட்டி மெல்ல மெல்லக் கத்துவதை விட்டது. நான் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். மூச்சு மட்டும் கேட்கும். ரஜியா அக்காவுக்கு நன்றி, முனியப்பனுக்கு நன்றி, அந்த மலைக்காற்றுக்கும் நன்றி. எல்லாரையும்விட, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வெளியில் போய் நின்றாரே, அந்த மனுஷனுக்கு நன்றி.

மறியல் முடிந்தது. பஸ் ஓடியது. சிகரெட்டும் வந்தது. முதல் நாள் வேலை முடிந்து வந்தவர் சட்டைப்பையில் புதுப் பாக்கெட்டு. பழக்கத்தில் ரூமுக்குள் போய் உட்கார்ந்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தூங்குகிற பாப்பாவைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, எழுந்து வெளியே போனார். கிணற்றடியிலிருந்து சத்தம் வந்தது.

"அம்சா! கல்லு மேல சுருட்டு இருக்குது, சரி. தீப்பெட்டிய ஏன் வெச்சிருக்க? முனியப்பனுக்கு எதுக்குடீ தீப்பெட்டி?"

நான் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"தெனமும் அத மறந்துட்டு, பாதி வழியில உள்ள திரும்பி வர்றீங்களேன்னுதாங்க."