பத்து நிமிடம் நாற்பது விநாடி ஊதிய சங்கு

என்னைக் கோபக்காரன் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கோபம் பிறந்த நேரம் என் நாட்குறிப்பில் சிவப்பு மையில் இருக்கிறது: வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது.

எண்பதுகளின் கடைசி. பெரம்பலூர்க்காரனான நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் பயிற்சியாளன். அங்கே ஷிப்ட் சங்கை வாட்ச்மேன்தான் சுவிட்ச் போட்டு ஊதுவார். அந்த வேலையை ஒரு கணினிச் சில்லுக்குக் கொடுக்க ஆசைப்பட்டார் மேனேஜர். நிரல் எழுதியது நான்.

நான் எடுத்துக்கொண்டது கறாரான கணினி மொழி. நினைவகத்தில் பத்து நேரங்களுக்குப் பத்து அறை ஒதுக்கினால், பதினோராவதை அடுத்த அறையில் திணிக்க விடாது. ஆனால் அந்தக் காவலுக்கும் சில்லில் இடம் வேண்டுமே! அடங்கவில்லை.

"பெரிய சில்லு வாங்கலாம் சார்."

"காவலைத் தூக்குப்பா. பதினொண்ணாவது நேரத்தை எவன் போடப் போறான்?"

தூக்கினேன். (தூக்கிவிட்டு, 'ஒரே சில்லில் அடக்கிட்டேன்' என்று ஊரெல்லாம் பீற்றினேன். மடையன்.)

திறப்பு விழா அன்று பத்து மணிக்கு அதே மேனேஜர் வந்தார். "பத்து நாப்பது நல்ல நேரம். அப்ப ஒருதரம் ஊதணும், போடு."

பத்து அறைகளும் ஷிப்ட் நேரங்களால் நிறைந்திருந்தன. மறந்துபோய்ப் பதினோராவதைப் போட்டேன். அடுத்த அறையில் இருந்தது, சங்கு எத்தனை விநாடி ஊத வேண்டும் என்ற எண்: முப்பது. நேரங்களை நான் நள்ளிரவிலிருந்து நிமிடக் கணக்கில் வைத்திருந்தேன். பத்து நாற்பது என்றால் அறுநூற்று நாற்பது. முப்பதை அழித்துவிட்டு அது உட்கார்ந்துகொண்டது.

சரியாகப் பத்து நாற்பதுக்குச் சங்கு ஊதியது. நிற்கவில்லை. விருந்தாளிகள் கைதட்டினார்கள். நான் சங்குப் பெட்டியிடம் ஓடினேன். அந்தப் பக்கத்தில் சங்கு நிற்காமல் ஊதினால் சுண்ணாம்புக்கல் குழியில் விபத்து என்று அர்த்தம்.

"சார், பியூஸைப் புடுங்கணும்!"

"தீபாராதனை ஆவுது. மாலை போட்ட பொட்டியில கை வைக்காத!"

ஆலையை ஒட்டிய கொல்லையில் கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் களைக்கொத்தி.

"எம் புருசன் குழியில கெடக்கானோன்னு ஓடியாறேன், இங்க மாலை போட்டு பூசையா? எவன்டா ஊதுனது?"

மேனேஜர் என்னைக் கைகாட்டினார். (அதுவரை விருந்தாளிகளிடம் 'நம்ம டிசைன்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்!)

"குழியில ஒண்ணுமில்லைங்கக்கா. மெஷின் கோளாறு."

"அப்ப நிறுத்துடா!"

நான் அசையவில்லை. அவரே பெட்டியை நோக்கிக் களைக்கொத்தியை ஓங்கினார். அந்த விநாடியில் சங்கு தானாக நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம், நாற்பது விநாடி; அதாவது அறுநூற்று நாற்பது விநாடி.

குழியிலிருந்து முகமெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு அவர் கணவர் ஓடிவந்தார். "என்னடி ஆச்சு?" அந்த அம்மா களைக்கொத்தியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

திங்கட்கிழமை சங்கு வாட்ச்மேனிடமே திரும்பியது. எச்சரிக்கைக் கடிதம் எனக்கு மட்டும். காவலைத் தூக்கச் சொன்னவருக்கு ஒன்றுமில்லை. தூக்கியவனையும், மாலைக்குப் பயந்து நின்றவனையும் (இரண்டும் நான்தான்) நானும் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்தக் கதையை எடுத்து நான் கத்தத் தொடங்கினால் என் மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"நாலு நிமிசந்தான் ஆயிருக்கு. இன்னும் ஆறு நிமிசம் நாப்பது விநாடி பாக்கி. கத்துங்க, தானா நின்னுரும்."