பன்னிரண்டு கட்டத்தில் ஒரு பேய்

மனித குலம் இதுவரை படைத்த கலைகளில் தலைசிறந்தது, இலவசமாகக் கிடைக்கும், கட்டம் கட்டமான பிக்சல் படங்களால் ஆன திகில் கேம்தான். வானகரத்தில் இதை முதலில் உணர்ந்தவன் நான். அதற்கு முந்தின வாரம், அதைத் தடை செய்யச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கை விட்டவனும் நானே. கலை வளர்வது இப்படித்தான்.

நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்துக்கு இரண்டு முறையாக நான்தான் சங்கச் செயலாளர். பி பிளாக் மூன்றாம் மாடி சபீனா, ஐ.டி. கம்பெனிக்கு உழைத்தது போக மிச்ச நேரத்தில் தனியாளாக ஒரு கேம் செய்து, காசே வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்துவிட்டாள். பெயர், ‘பெல் அடிக்குது’. பிரேசிலில் ஒருவர் விளையாடிவிட்டு மூன்று நாள் தூங்கவில்லையாம். இது தெரிந்ததும் என் சுற்றறிக்கையில் ‘தடை’ என்பதை ‘பாராட்டு விழா’ என்று திருத்தி வெளியிட்டேன்.

விழாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்றாம் முறையும் நான் தொடர வேண்டுமானால், ஞாயிறு மாலை ஏழு மணிக்குள் இருபத்தைந்து வீட்டுக்காரர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ஏ பிளாக் கிருபாகரன் வந்துவிடுவார். ரிட்டயர் ஆன பிறகு, சங்க வேலை இல்லாத ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை சங்க ஹாலில் புரொஜெக்டர் வைத்து கேமைத் திரையிட்டோம். நீங்கள் ஒரு வீட்டுக்குள் இருக்கிறீர்கள். வெளியே செருப்புச் சத்தம். பெல் அடிக்கிறது. கதவு ஓட்டை வழியே பார்த்தால் பேய். பன்னிரண்டு கட்டத்தில் வெள்ளைச் சட்டை, இரண்டு கட்டத்தில் கண்ணாடி, கக்கத்தில் நாலு கட்டத்துக்கு நீலமாக ஒரு நோட்டு. “ஒரே ஒரு நிமிஷம்” என்று எழுத்து வருகிறது. திறந்தீர்களோ, தீர்ந்தது. உள்ளே வந்து சோபாவில் உட்காரும், எழுந்திருக்காது. பிழைக்க ஒரே வழி, உடனே ஃபேனை நிறுத்தி, டிவியை அணைத்து, வீட்டில் ஆளே இல்லாதது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதுதான்.

என்ன கற்பனை! குறைவாகக் காட்டினால் மிச்சத்தைப் பார்ப்பவர் மனம் நிரப்பிக்கொள்ளும் என்பதே இக்கலையின் மகிமை. ஹாலில் இருந்த அத்தனை மனமும் ஒரே மாதிரி நிரப்பிக்கொண்டதுபோல, எல்லாரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

“பேய் யாரு மாதிரி இருக்கு, ராகவன் சார்?” என்றார் கிருபாகரன்.

“உங்கள மாதிரிதான்!”

ஹாலே சிரித்தது. எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

சபீனாவுக்குச் சால்வை போர்த்தினேன். “பேயோட கடமையுணர்ச்சி பிரமாதம்மா. மாடி மாடியா ஏறி இறங்குது பாரு. நிஜத்துல யாரையாவது பாத்துப் பண்ணியா?”

“ஐயோ, இல்ல அங்கிள்... சும்மா கற்பனைதான்.” முகத்தைச் சால்வையில் மூடிக்கொண்டாள். கலைஞர்களுக்கே உரிய கூச்சம்.

மோட்டார் ரிப்பேருக்கு வந்திருந்த பூந்தமல்லி உஸ்மான் கனியையும் ‘ரசிகர் கருத்து’க்கு அழைத்தேன்.

“இன்னா சார் சொல்றது? நானும் போன்ல ஏத்திகினு ஆடினேன். அந்தச் செருப்பு சத்தம் கீதே, அத்தக் கேட்டாலே போன ஆஃப் பண்ணிடுவேன். நேத்து மோட்டார் ரூம்ல அதே சத்தம் சார். ஸ்பேனரக் கீழ போட்டுட்டேன். திரும்பிப் பாத்தா, நீங்க வந்துகினு கீறீங்க.”

‘ஒலியமைப்பு தத்ரூபம்’ என்று குறித்துக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி கமலம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கை வேற தட்டினீங்களாமே?”

“நீ ஆடிப் பாத்தியா?”

“ஏழு லெவலும் முடிச்சாச்சு. ஒரு தடவகூடக் கதவத் திறக்கல.”

பெருமையாக இருந்தது.

நாலு மணிக்கு, வெள்ளைச் சட்டையை மாற்றாமல், நீலப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். முதல் வீட்டில் பெல் அடித்ததும் டிவி நின்றது. இரண்டாவது வீட்டில் மிக்சி நின்றது. மூன்றாவது வீட்டில் “ஒரே ஒரு நிமிஷம்தான்” என்றேன். உள்ளே ஒரு குழந்தை களுக்கென்று சிரிக்க, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். ஒரே மாலையில் நாற்பத்தேழு வீடுகளில் மின்சிக்கனம் கொண்டுவந்த கலைப்படைப்பு உலகில் வேறு உண்டா?

ஆறு ஐம்பதுக்கு, மிச்சமிருந்த நாற்பத்தெட்டாவது வீட்டுக்கு வந்தேன். அது என் வீடு. ஃபிளாட் கமலம் பேரில் இருக்கிறது. கையெழுத்து அவள்தான் போட வேண்டும். ஒன்றாவது விழட்டும். சாவி எடுத்து வரவில்லை. எங்கள் ஹால் ஃபேன் ஓடும் கடகட சத்தம் வாசல்வரை கேட்டது.

பெல் அடித்தேன்.

ஃபேன் நின்றது.