பையனை முன்னால் வைத்தேன்

நான் அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைக் கெடுத்திருக்கிறேன். (எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இந்தப் பெருமை கிடையாது.)

இரண்டாயிரம் பிறந்த புதிது. என் மகள் சுதா, வேங்கிக்காலில் திறக்கவிருந்த ஒரு திருமணத் தகவல் நிலையத்துக்குப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வரி பாக்கி. அந்த நேரம் பார்த்து மெட்ராஸ் ஐ வந்து, இரண்டு கண்ணும் தக்காளியாகிவிட்டது.

"அம்மா, நான் சொல்லச் சொல்ல நீ தட்டு. ஏபிசிடி தெரியும் இல்ல?"

"தெரியும். என்னாத்துக்குடி இது?"

"பொருத்தம் பாக்குற கணக்கு மொத்தமும் டேட்டாபேஸ் உள்ளயே எழுதி வச்சிருக்கேன். ஸ்டோர்டு புரொசீஜர்னு பேரு. வெளியிலேர்ந்து அதைக் கூப்பிட்டு ரெண்டு நட்சத்திரத்தோட நம்பரைக் குடுத்தா அதுவே எண்ணிச் சொல்லிடும். அப்படிக் குடுக்குறதுதான் பேராமீட்டர். முதல்ல பொண்ணு, அப்புறம் பையன்."

கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் எழுதிய சீட்டை நீட்டுகிற மாதிரி என்று புரிந்துகொண்டேன். (வீட்டுக்காரர் பேரை வாயால் சொல்ல வெட்கம். எனக்கு எப்போதும் சீட்டுதான்.) அதில் அவர் பேர்தான் முதலில். பெண்ணை முன்னால் எழுதிய ஞாபகமே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? படித்த மகளிடம் இதைச் சொல்லக் கூச்சம். பேசாமல் பையனை முன்னால் தட்டி, கமா போட்டு, பெண்ணைப் பின்னால் தட்டினேன்.

"தப்புன்னு எதாவது வருதா?"

"ஒண்ணும் வரல."

எப்படி வரும்? இரண்டும் வெறும் நம்பர். இடம் மாறினாலும் அது வாயைத் திறக்காதாம்.

நிலையத்தில் பார்த்த முதல் பொருத்தமே சுதாவுக்குத்தான். பையனுக்கு ஊர் அடி அண்ணாமலை. அவன் வந்து பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து இவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பையனின் அம்மா, நிலையத்தில் கொடுத்த காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பத்துக்கு நாலுதாங்க வந்திருக்குது."

"ஜோசியர் ஏழுன்னு சொன்னாருங்களே!" என்றாள் சுதா.

"அவரு மனுஷன், தப்பு பண்ணுவாரு. கம்ப்யூட்டர் பண்ணுமா?"

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அப்போதுதான் தேறியிருந்த சுதாவின் கண்கள் மறுபடி சிவந்தன. பெண்ணிலிருந்து பையனுக்கு எண்ண வேண்டும் என்பது எனக்கும் தெரிந்த சங்கதி. மரியாதை புத்தியை மறைத்துவிட்டது. வெளி ஆள் முன்னால் பேசியே பழக்கமில்லாத நான், கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"இருங்க. கம்ப்யூட்டர் மேல தப்பில்ல. நான்தான் உங்க புள்ளைய முன்னாடி வச்சிட்டேன்."

சுதா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அங்கேயே விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். அவளுடைய ரோகிணியிலிருந்து பையனின் ரேவதிக்கு இருபத்துநாலு, நல்ல எண்ணிக்கை. ரேவதியிலிருந்து ரோகிணிக்கு அஞ்சு, ஆகாது. பிறகு அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கே போய் வரியை மாற்றினாள். ஏழு வந்தது.

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "கல்யாணத்துக்கு முன்னாடியே எம் புள்ளைக்கு இவ்ளோ மரியாதையா! வேற எங்க கிடைக்கும் இந்தச் சம்பந்தம்?"

இன்றைக்கும் நான் அர்ச்சனைச் சீட்டு எழுதினால், மாப்பிள்ளை என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"அத்தே, பேராமீட்டர் சரியா இருக்குதா?"

சரியாகத்தான் இருக்கிறது. சுதா முதலில், அப்புறம் மாப்பிள்ளை, பிறகு பேத்தி. என் வீட்டுக்காரர் நாலாவது இடத்துக்குப் போய்விட்டார். ஏன் என்று அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டால், கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.