விளக்கெண்ணெயோடு வந்த மாமனார்

மனைவி வெளியூர் போகிற வாரத்துக்காகவே சில தொல்லைகள் காத்திருக்கும் என்று நினைக்கிறேன். மோட்டார் ரிப்பேர், கேஸ் தீர்ந்துபோதல் எல்லாம் அந்த வகைதான். எனக்கு வந்தது கிளி.

கல்யாணமான முதல் வருஷம். செவிலிமேட்டில் வாடகை வீடு. ஹேமா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீரில் பீரோ, கட்டிலோடு வீராவும் உண்டு. வீரா, மஞ்சள் கொண்டையும் ஆரஞ்சுக் கன்னமுமாக இருக்கும் காக்கடீல் வகைக் கிளி. (பச்சைக்கிளி வளர்த்தால் கேஸ் போடுவார்கள், இது வெளிநாட்டு வகை, பயமில்லை.) ஆபீஸ் டிரெய்னிங்குக்காக ஹேமா ஒரு வாரம் பெங்களூரு கிளம்பினாள். பஸ் ஏறும்போது, "வீராவைப் பத்திரமா பாத்துக்கோங்க" என்றாள். என் பத்திரத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த நாளே வீரா உப்பிப்போய்க் கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது. தினை வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வால் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. தீவனக் கடைக்காரரிடம் போனேன்.

"சளிதாம்பா. தண்ணில ரெண்டு சொட்டு இத்த உடு, நாளைக்குப் பறக்கும்" என்றார்.

சொட்டு விட்டேன். சளி என்றாரே என்று என் பங்குக்குக் கூண்டைச் சுற்றி சாம்பிராணியும் போட்டேன். (ஏனாத்தூரில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை பார்ப்பவன் நான். படித்தவன் என்றுதான் ஊரில் பேச்சு.) காலையில் வீராவுக்குக் கண்ணைத் திறக்கவே தெம்பில்லை. ஹேமாவிடம் சொல்ல எனக்கும் தெம்பில்லை. போனில் கேட்டபோது, "சமத்தா இருக்குது" என்று சொல்லிவிட்டேன்.

கால்நடை மருத்துவமனைக்கு அட்டைப் பெட்டியோடு போனேன். எனக்கு முன்னால் ஓர் எருமை, பின்னால் இரண்டு ஆடுகள். எங்கள் முறை வந்தபோது டாக்டரம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மாடு, ஆடு, நாயின்னா பார்ப்பேன்பா. இவ்ளோ சின்ன உயிருக்குத் தெரியாம ஊசி போட்டா போயே போயிடும். பறவைக்கின்னே படிச்சவங்ககிட்ட போ. இன்னிக்கே போ."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அவரே தன்னுடன் படித்து, சென்னையில் பறவை டாக்டராக இருக்கும் தோழிக்கு என் எதிரிலேயே போன் போட்டுப் பேசினார். தனக்குத் தெரியாது என்று ஒரு டாக்டர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வீரா பிழைத்ததில் பாதிப் புண்ணியம் அவருக்கு.

லீவு சொல்லிவிட்டுச் சென்னை பஸ் பிடித்தேன். வழி நெடுக மடியில் பெட்டி. பக்கத்து சீட்டுக்காரர், "ஸ்வீட்டா சார்?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். பெட்டி கீச்சென்றது. அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

பறவை டாக்டர் வீராவை ஒரு துண்டில் சுற்றி எடுத்து, வயிற்றை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். "இது ஆணுன்னு யார் சொன்னது?"

"பேர் வீரா மேடம்."

"பேர் இருக்கட்டும். உள்ள முட்டை சிக்கிக்கினு இருக்குது."

எனக்கு ஏனோ குடும்ப மானம் நினைவுக்கு வந்தது. "மேடம், இது வீட்டைவிட்டு எங்கியும் போனதே இல்ல!"

"பண்ணைக் கோழியெல்லாம் கல்யாணம் பண்ணிக்கினா முட்டை போடுது?" என்றார். சாம்பிராணி விஷயத்தையும் சொன்னேன். பறவைக்குப் புகையே ஆகாது என்று அவர் திட்டிய திட்டில் அந்த எக்ஸ்ரே மிஷினே நடுங்கியிருக்கும். கால்சியம் ஊசி போட்டு, சாயங்காலம் வரை வைத்துப் பார்த்து, மருந்தும் கொடுத்து அனுப்பினார். சூடாக, ஈரப்பதமாக வைக்க வேண்டும். வயிற்றை அமுக்கக் கூடாது. விடிந்ததும் நிலவரத்தை எழுதி அனுப்ப வேண்டும். முட்டை வராவிட்டால் உடனே கொண்டுவர வேண்டும், ஆபரேஷன் தேவைப்படலாம்.

மறுநாள் காலை குளியலறையில் வாளி நிறைய வெந்நீர் வைத்து, ஆவியில் வீராவோடு உட்கார்ந்திருந்தேன். வாட்ஸப்பைத் திறந்தேன். மேலேயே டாக்டர் பெயர். தொடப் போன அதே நொடியில் 'பிள்ளையார்பாளையம் சொந்தங்கள்' என்ற ஹேமா வீட்டுக் குரூப்பில் என் சின்ன மாமனார் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினார். குரூப் மேலே ஏறி, டாக்டர் கீழே இறங்கிவிட்டார். ஈரக் கைவிரல் ரோஜாப்பூவின் மேல் விழுந்தது.

நான் எழுதியது இதுதான்: "டாக்டர், சூடு குடுத்தேன், மருந்தும் குடுத்தேன். விடாம முக்கிக்கினே இருக்குது. ஆனா வெளிய வரல. பின்பக்கம் வீங்கி இருக்குது. ரொம்ப பயமா இருக்குது. ஆபரேஷன் பண்ணிடலாமா?"

எழுவாய் இல்லாமலே தமிழில் வாக்கியம் முடியும், அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதிலுள்ள ஆபத்தை ஒருவரும் சொல்லித்தரவில்லை.

மணி அடித்தால் வீரா மிரளுமே என்று போனை சைலண்டில் போட்டு ஜன்னலில் வைத்தேன். அதில் என்னென்ன வந்தது என்பதைப் பிறகுதான் பார்த்தேன். "ஆபரேஷன் வேணாம் மாப்ள, கடுக்காய்ப் பொடி போதும்." "பொண்டாட்டி ஊர்ல இல்லன்னா மூணு வேளையும் பரோட்டா, அதான்." பெரிய அத்தை கும்பிடும் கைகளை வரிசையாக அனுப்பியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வெளியே செருப்புச் சத்தம். தெருக்கதவைத் தாழிட மறந்திருக்கிறேன்.

"மாப்ள! எங்க இருக்கீங்க?" மாமனாரின் குரல்.

"பாத்ரூம்ல மாமா!"

"இன்னும் வரலியா?"

எப்படியோ வீராவின் விஷயம் தெரிந்து ஓடி வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது.

"இல்ல மாமா! நேத்துலருந்து கஷ்டம்!"

"முக்காதீங்க. விளக்கெண்ண கொண்ணாந்துக்கீறேன்."

"எண்ணெயெல்லாம் வேணாம் மாமா, டாக்டர் திட்டுவாங்க! இருங்க, இருங்க... லேசா தெரியுது!"

"என்ன தெரியுது?" என்று கேட்டது சின்ன மாமனாரின் குரல்.

"வெள்ளையா, உருண்டையா!"

"வெள்ளையாவா? அண்ணே, ஆட்டோ கூப்புடு!"

அந்த நேரம் பார்த்து வீரா உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது. துண்டின்மேல் முட்டை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நனைந்த லுங்கியோடு கதவைத் திறந்து, உள்ளங்கையை நீட்டினேன். "வந்துடுச்சு மாமா!"

மாமனாருக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போடும் தொழில். அன்றைக்கு அரக்குச் சிவப்பு போலிருக்கிறது. முழங்கை வரை சிவந்திருந்த கையில் விளக்கெண்ணெய்ப் பாட்டில். பின்னால் வாழைப்பழச் சீப்போடு தம்பி. சின்ன மாமனார் முட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் முட்டையைப் பார்த்தார். சீப்பைத் தரையில் வைத்துவிட்டார்.

உள்ளேயிருந்து வீரா கீச்சென்று கூப்பிட்டதால்தான் என் மானம் கொஞ்சமாவது மிஞ்சியது. விஷயம் விளங்கியதும் இரண்டு பேரும் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து, சுவரைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நான் முட்டையைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். (இந்தத் தடவை மாமனாரும் கூடவே நின்று பெயரைப் படித்துப் பார்த்தார்.)

ஹேமா மத்தியானம்தான் குரூப்பைப் பார்த்தாள். போனில் நிதானமாக, "வயிறு எப்பிடி இருக்குது?" என்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல ஹேமா. வீராவுக்குத்தான்."

"ஐயோ! வீராவுக்கா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

வீரா இப்போதும் நலம். வருஷத்துக்கு ஒருமுறை சென்னை டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறோம். ஆனால் அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், கேட்காமலே என் இலையில் இரண்டு வாழைப்பழம் விழுகிறது.

போன வருஷம் எங்களுக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி குரூப்பில் எழுதினேன்: "பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம்."

முதல் பதில் சின்ன மாமனாரிடமிருந்து வந்தது: "யாருக்கு மாப்ள?"